மலையேறாத சாமி

நீலாவதியின் மேல் சாமி வந்து அன்றோடு மூன்று நாள் ஆகிவிட்டது. வந்தவர் எட்டாம் மைல் கோயில் முனியாண்டி. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில், மடியில் உடுக்கையை வைத்துக்கொண்டு, தொண்டை கட்டிப்போய் முருகையா உட்கார்ந்திருந்தார்.

"டேய் முருகையா."

"சாமி."

"மைலோ ஆறிப்போச்சுடா."

முருகையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். நாற்பத்தாறு வருஷமாக "என்னாங்க" என்றும் "ரோகினி அப்பா" என்றும் கூப்பிட்ட வாய் அது. அந்த வாயில் "டேய்" வருகிறது என்றால் வந்திருப்பது முனியாண்டிதான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. மைலோவை மறுபடி சூடுபண்ணி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் ஊரைச் சுற்றி எந்தத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றாலும் உடுக்கை அடித்துச் சாமியை வரவழைக்கிறவர் முருகையாதான். வந்த சாமியைப் பாடி மலையேற்றி அனுப்பிவைக்கிறவரும் அவர்தான். ஐம்பது வருஷத்தில், எவ்வளவு உக்கிரமாக வந்த சாமியாக இருந்தாலும் அவர் பாட்டுக்கு அரை மணி நேரத்துக்குமேல் நின்றதில்லை. தோட்டத்து ஆட்களை ஆட்டிப்படைக்கிற பெரிய பெரிய மண்டோர்கள் மேல் வந்த சாமிகளெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கின்றன. அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டி மேல் வந்த சாமியைப் பதின்மூன்று தடவை பாடியும் அசைக்க முடியவில்லை. மானம் போகிறது என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக, இவள் திரும்பி வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம்.

இதற்கெல்லாம் காரணம் அந்த ஆல்பம்.

போன வருஷத் திருவிழாவில் ஹேமநாதன் என்று ஒருவன் வந்து அவர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு போனான். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரம்பானில் மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறவன். மறுவாரமே வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒங்க கொரல் இப்படியே காத்துல போகக்கூடாதுலா. ஒரு ஆல்பம் போட்டுடுவோம்" என்றான். எழுபத்து மூன்று வயதில் எனக்கு எதற்கப்பா ஆல்பம் என்று முருகையா சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு, அன்று மாலையே பசாருக்குப் போய்ப் புதுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி எதையோ ஒட்டி வைத்திருந்தார்கள். ஏர்கான் குளிரில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டே நாளில் எட்டுப் பாட்டுகளைப் பாடி முடித்தார். முனியாண்டியின் பிறப்பு, அவர் கப்பலேறி வந்தது, கித்தா ரப்பர்க் காட்டில் காவல் நின்றது, குதிரை கேட்டு அடம்பிடித்தது, வா வா என்று வருந்தி அழைக்கும் பாட்டு வரை எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் ஹேமநாதன், "ஐயா, ஒம்பதாவது பாட்டு, மலையேத்துற பாட்டு மட்டும் பாக்கி" என்றான்.

"அது பாட முடியாது."

"ஏன்யா?"

"சாமி வரலயே. வராத சாமிய எப்படிப் போகச் சொல்றது? சும்மா காவலுக்கு நிக்கிறவர வெரட்டி விட்ட மாதிரி ஆயிடும்லா."

ஹேமநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். அறையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் இல்லை. "எனக்கு வந்தா பாடுவீங்களா?"

"ஒனக்கு வராது."

"ஏன் வராது?"

"நீ பாட்ட எங்கப்பா கேட்ட? பெட்டியில கோடு கோடா ஓடுதே, அதத்தான் பாத்துக்கிட்டிருந்த."

வழக்கம் வழக்கம்தான். ஆல்பம் எட்டுப் பாட்டோடு நின்றது. எட்டாம் மைல் முனியாண்டிக்கு எட்டுப் பாட்டு என்று ஹேமநாதனுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். யார் யாருக்கு நன்றி போடணும் என்று கேட்டான். முருகையா ஒரு பக்கம் முழுக்கச் சொன்னார். செத்துப்போன கங்காணி, கோயில் கமிட்டி, பழைய மண்டோர் நல்லசாமி, உடுக்கைக்குத் தோல் கட்டிக் கொடுத்தவர், ஐம்பது கோயிலுக்கும் அவரைச் சுமந்துகொண்டு போன பழைய மோட்டார் சைக்கிள், ஏர்கானைக் குறைத்து வைத்த ஆள் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் இணையத்தில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை முதல் தகவல் வந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரன் குணாளன் மூன்றாவது பாட்டைக் கேட்டுக்கொண்டே ரெம்பாவ் சமிக்ஞை விளக்கில் நின்றிருக்கிறான். பச்சை விழுந்தது. லாரி நகரவில்லை. குணாளன் குலைகளின் மேல் ஏறி நின்று, போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் திருநீறு கேட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தான். நல்ல மனுஷரான ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் எங்கேயோ நம்பரைப் பிடித்து முருகையாவுக்குப் போன் போட்டு, பாக்சிக் என்று மாமன் முறை வைத்துக் கூப்பிட்டு, உங்கள் ஆள் ஒருத்தர் லாரி மேலே நிற்கிறார், வேலைக்குப் போகிறவர்களெல்லாம் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் வந்து இறக்கிவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

மலையேற்றும் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. சாமியின் எதிரில் நிற்கிறவர்கள் பேரை வரிசையாகச் சொல்லி, இன்னார் நிற்கிறார், இன்னார் கும்பிடுகிறார், எல்லாருக்கும் விடை கொடு என்று கேட்கவேண்டும். சாமி வந்தவர் பேரை மட்டும் சொல்வதில்லை. அவர்தான் அப்போது அங்கே இல்லையே. முருகையா நடுரோட்டில் நின்று குணாளனின் தாயார், பெண்சாதி, லாரி முதலாளி என்று எல்லாருடைய பேரையும் சொல்லி, பின்னால் ஒரு மைலுக்கு நின்ற கார்க்காரர்கள் சார்பிலும் விடை கேட்டார். இருபது நிமிஷத்தில் சாமி மலையேறியது. குணாளன் கண் விழித்து, முள்ளு குத்துது, நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று கேட்டான்.

அப்போதுதான் முருகையாவுக்கு விளங்கியது. பாட்டு சாமியை அழைக்கிறது. போகச் சொல்ல ஆல்பத்தில் பாட்டு இல்லை. சாமி என்ன செய்யும், பாவம், நிற்கத்தானே செய்யும்.

அடுத்து சிரம்பான் ஜவுளிக்கடை விசுவநாதன். மூன்று தலைமுறையாக வியாபாரம், சுத்த சைவம். முனியாண்டி என்றாலே, "அதெல்லாம் தோட்டத்துச் சாமிங்க" என்று மூக்கைச் சுளிக்கிறவர். கடையில் வேலை செய்யும் பெண் பாட்டைப் போட்டிருக்கிறாள். விசுவநாதன் துணி அளக்கும் மேசைமேல் ஏறி, ஒரு முழுப் பட்டுப்புடவையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு சுருட்டும் கம்பத்து நாட்டுக்கோழிக் குழம்பும் கேட்டார். அவர் மனைவி சௌந்தரவல்லி கையைப் பிசைந்துகொண்டு, "எங்க வீட்டுல முட்டைகூட ஏறினதில்லைங்களே" என்று அழுதாள். கடைசியில் சாமி பெரிய மனது பண்ணி வெங்காயப் பக்கோடாவுக்குச் சம்மதித்தது. மலையேறின பிறகு விசுவநாதன் முருகையாவை ஓரமாக அழைத்துப்போய், விஷயம் வெளியே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சுருட்டு என்ன பிராண்டு என்றும் கேட்டுக்கொண்டார்.

பத்து நாளில் பத்தொன்பது சாமிகள். ஹேமநாதனின் காரில் முருகையா ஊர் ஊராக அலைந்தார். கோலா பிலாவில் பல் பிடுங்கப் போன ஒருவர் வாயைத் திறந்த நிலையிலேயே சாமியாடிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் போக அலுத்துப்போய், பாட்டைக் குரல் செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். "மரியாதையா நேர்ல வாடா" என்று சாமி பதில் குரல் செய்தி அனுப்பியது. வரும்போது போனில் வந்தவர்தான், போகும்போது மட்டும் நேரில் வரச்சொன்னார்.

"ஒரே ஒரு நல்ல பதிவு கெடைச்சா போதும்யா. ஆல்பத்துல ஒம்பதாவதா ஏத்திடுவேன். எல்லா சாமியும் கேட்டுட்டுத் தானா போயிடும்" என்று ஹேமநாதன் போகிற இடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டு நின்றான். ரெம்பாவில் ஹாரன் சத்தம், சிரம்பானில் சௌந்தரவல்லியின் அழுகை, கோலா பிலாவில் பல் குடையும் இயந்திரம். ஒன்றும் தேறவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோலா பிலாவிலிருந்து வீடு திரும்பினால், இங்கே நீலாவதி நாற்காலியில். கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. மடியில் போன், அதில் எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பாதி மடித்த துணிகள்.

"வந்துட்டியாடா முருகையா" என்றார் முனியாண்டி.

முருகையா செருப்பைக்கூடக் கழற்றாமல் உடுக்கையை எடுத்தார். வழக்கம்போலப் பாட்டன் பேர், தகப்பன் பேர், மகள் ரோகினி, மருமகன் சத்தியசீலன், பேரப்பிள்ளைகள் என்று சொல்லி விடை கேட்டார். சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா பாடுடா" என்றது. இரவுக்குள் நாலு தடவை ஆயிற்று. சாமி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமி, மழை வருது, கொடியில கெடக்கிற துணிய எடுடா என்றது. முருகையா வெளியே போய் எடுத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. முனியாண்டிக்குத் தெரியாத மழையா என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சோறு வடிக்கச் சொன்னது. நெத்திலிச் சம்பலில் உப்பு பத்தவில்லை என்றது. குளியலறை வழுக்குகிறது, தேய்க்க எத்தனை மாசமாய்ச் சொல்கிறது என்றது. சாமி எப்போது சொன்னது என்று முருகையா யோசித்தார். யோசித்துக்கொண்டே தேய்த்தார். கேள்விப்பட்டுக் குறி கேட்க வந்த தாமான் குடியிருப்புப் பெண்களுக்கு, உன் புருஷனை வாசல் கூட்டச் சொல்லு என்று ஒரே குறியைத்தான் சாமி எல்லாருக்கும் சொன்னது. அவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போனார்கள்.

மத்தியானம் சாமி திடீரென்று, "ஆல்பத்துல நன்றி சொன்னியே, யார் யாருக்குடா சொன்ன?" என்று கேட்டது.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் சாமி. மோட்டார் சைக்கிளுக்குக்கூட."

"உம்" என்றது சாமி. கையிலிருந்த மைலோவைக் குடிக்காமலே கீழே வைத்தது.

திங்கட்கிழமை காலை ஹேமநாதன் வந்து வாசலில் நின்றான். ரெம்பாவ் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சாமி வந்து, மணமேடையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதாம். உடனே கிளம்பணும் என்றான். முருகையாவுக்கு வந்ததே கோபம்.

"என் வீட்டுச் சாமிய இப்படி விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்!"

ஹேமநாதன் வழக்கம்போல் போனை எடுத்துப் பிடித்துக்கொண்டான். முருகையா பதினாலாவது தடவையாக ஆரம்பித்தார். குரல் கரகரத்தது. பாட்டன், தகப்பன், அண்ணன் தம்பிகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாம் முடிந்தது. இடப்பக்கத்து வீடு, வலப்பக்கத்து வீடு, தபால்காரர். பேர் தீர்ந்துபோய், தினமும் மதில்மேல் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பூனையின் பேரையும் சொல்லி விடை கேட்டார்.

"அவ்வளவுதானா?" என்றது சாமி.

"அவ்வளவுதான் சாமி. வேற ஆள் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருடா."

முருகையா உடுக்கையைத் தாழ்த்தினார். யோசிக்கத் தெம்பில்லை. தலை லேசாகக் கிறுகிறுத்தது. மூன்று நாளாக அவர் ரத்த அழுத்த மாத்திரை போடவில்லை. எந்த டப்பாவில் எது இருக்கிறது, காலையில் எது, சாப்பிட்ட பிறகு எது என்று அவருக்குத் தெரியாது. உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு நீட்டுவாள், வாங்கிப் போட்டுக்கொள்வார். அந்தக் கை இதோ எதிரிலேயே நாற்காலியில் இருக்கிறது, ஆனால் அவள் இல்லை. எங்கே போயிருப்பாள், அங்கே அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கூப்பிடலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவது? நாற்பத்தாறு வருஷமாக அவர் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பேரைச் சொன்னது கல்யாணப் பதிவு ஆபீசில் எழுதிக்கொண்டிருந்த கிராணி கேட்டபோது ஒரே ஒரு தடவை. அதுவும் மெதுவாகச் சொன்னார் என்று கிராணி திட்டினான்.

கை தானாக உடுக்கையைத் தூக்கியது. முறையாவது மண்ணாவது. நிற்கிறவர்களை விட்டுவிட்டு, இல்லாதவளைக் கேட்டுப் பாடினார். அப்படி ஒரு பாட்டு ஐம்பது வருஷத்தில் அவர் வாயில் வந்ததில்லை.

"மலையேறும் முனியாண்டி, மறிச்சு நின்னு கேக்குறேன்
நீலாவதியக் குடுத்துட்டுப் போ
சோறாக்க ஆளு வேணும்னு கேக்கலயே சாமி
சொல்லிக் கூப்பிட அந்தப் பேரு வேணும்
நீலாவதியக் குடுத்துட்டுப் போ"

கடைசி வரியைத் திருப்பிப் பாடி மூன்றாவது தடவை "நீலாவதி" என்றபோது குரல் உடைந்து, அதற்குமேல் பாட்டு வரவில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்காலியில் இருந்தவர் காலைக் கீழே இறக்கினார். கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டார்.

"என்னாங்க" என்றாள் நீலாவதி. "அழாதீங்க. சாமி சனிக்கெழமையே மலையேறிட்டாருங்க."

முருகையா துண்டை விலக்கிப் பார்த்தார். "எப்ப?"

"நீங்க மொத தடவ பாடுனப்பவே. பத்து நிமிசம்கூட ஆகல."

"மொத தடவையேவா?" என்று கேட்ட முருகையாவின் முகத்தில், அழுகைக்கு நடுவிலும், ஒரு பெருமை வந்து போனதை ஹேமநாதன் பார்த்தான். அது போனபிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப மூணு நாளா நான் தொவைச்சது, ஆக்குனது, தேய்ச்சது?"

"நல்லாத்தான் தேய்ச்சீங்க." நீலாவதி அவரைப் பார்க்காமல் மடிக்காத துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலுக்குப் பின்னால, அண்டா பக்கத்துல நின்னுதாங்க ஒங்க பாட்டக் கேட்டிருக்கேன். தாளிக்கிற சத்தத்துல பாதி கேக்கும், பாதி கேக்காது. அன்னைக்குக் கண்ணு முழிச்சா, நீங்க எனக்கு எதிர உக்காந்து பாடிக்கிட்டு இருக்கீங்க. எழுந்திரிக்க மனசு வரல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லத்தான் நெனச்சேன். பேரு வரிசையா வந்துச்சு. அடுத்தது நம்ம பேரு வரும், அடுத்தது வரும்னு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் உக்காந்திருந்தேன். இன்னைக்குப் பூனை பேரு வந்துச்சு."

சாமி வந்தவர் பேரைச் சொல்லக்கூடாது என்கிற முறையை எடுத்துச் சொல்லலாம். ஆனால் மற்ற நாற்பத்தாறு வருஷத்துக்கு என்ன முறை இருக்கிறது? அவர் தலையைக் குனிந்துகொண்டு உடுக்கைக் கயிற்றை நெருடினார்.

வாசலில் ஹேமநாதன் தொண்டையைச் செருமினான். "ஐயா, பதிஞ்சிருச்சு. ஒரு சத்தம் இல்ல, அவ்வளவு சுத்தம்."

"அழிடா அத!" என்று பதறினார் முருகையா. "சாமி இல்லாத எடத்துல பாடிட்டேன். வராத சாமிய..."

"அழிக்காதீங்க தம்பி" என்றாள் நீலாவதி. "பேரு நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குதும்மா."

"அப்ப போடுங்க."

ஒன்பதாவது பாட்டு அன்று பகலிலேயே ஏறியது. ரெம்பாவ் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். மூன்றாவது "நீலாவதி"க்குச் சாமி மணமேடையை விட்டு இறங்கியது. இறங்கும்போது, "யார்றா அந்த நீலாவதி? மனுசன் இந்த அழு அழுவுறான், குடுத்துத் தொலைங்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் மலையேறியதாம். சாயங்காலத்துக்குள் நெகிரி செம்பிலான் முழுக்க எல்லாச் சாமியும் போய்விட்டதாகத் தகவல் வந்தது. குரல் செய்திக்கு மசியாத சாமியிடம், அதுவும் சாமி இல்லாத இடத்தில் பாடிய பாட்டு, எப்படி வேலை செய்தது என்று முருகையாவுக்கு விளங்கவில்லை. கேட்டவர்களிடம் பழைய அனுபவம் என்று சொல்லிவைத்தார்.

அன்று மாலை போன் அடிக்கவில்லை. நீலாவதி மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு வந்து நீட்டினாள். நீட்டிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்ட இன்னொருக்கா பாடுங்களேன்."

"சாமி போன பெறகு மலையேத்துற பாட்டு பாடக்கூடாது, இந்..." என்றவர் நிறுத்தினார். மாத்திரையை விழுங்கினார். தண்ணீரைக் குடித்தார். காது சிவக்க, கிராணி திட்டாத அளவுக்குக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "பாடக்கூடாது, நீலாவதி."

நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாட்டு வேணாங்க" என்றாள். "இப்ப சொன்னீங்களே, அத மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க."